ஸ்பிரே பெயின்ட் வாங்குவதற்கு முன்: எந்த டப்பா எதற்கு?

ஹார்டுவேர் கடையில் ஸ்பிரே பெயின்ட் டப்பாக்கள் எல்லாமே ஒரே உயரம், ஒரே பருமன். மூடியின் நிறம்தான் முதலில் கண்ணில் படும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தை மட்டும் சொல்லி டப்பாவை வாங்கிவிடுகிறார்கள். வினை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பழைய பெயின்ட் சுருங்கிச் சுருங்கி மேலே எழும்பும். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடித்தது நகம் பட்டாலே உரியும். பெட்ரோல் டேங்கில் அடித்த பளபளப்பு, முதல்முறை பெட்ரோல் சிந்தியதும் பிசுபிசுக்கும். இவை பெரும்பாலும் கைப்பழக்கம் இல்லாததால் வரும் குறைகள் அல்ல, பொருத்தமில்லாத டப்பாவை வாங்கியதால் வருபவை.

கடைக்குப் போவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பொருள் எதனால் ஆனது? அதன்மேல் இப்போது இருக்கும் பூச்சு என்ன வகை? புதிதாக அடிக்கப்போகும் பெயின்ட் எப்படிக் காய்கிறது? நிறம் அதற்குப் பிறகுதான். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை; முக்கால்வாசி விடை அதில்தான் இருக்கிறது.

காயும் விதத்தில்தான் வகை இருக்கிறது

லேக்கர் வகையிலிருந்து தொடங்குவோம். இதில் பிசின் கரைப்பானில் கரைந்திருக்கிறது. அடித்தவுடன் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிடும், பிசின் படலமாகத் தங்கிவிடும். வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால் ஐந்து, பத்து நிமிடங்களில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். எவ்வளவு நாள் கழித்தும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். இது பலவீனம்போலத் தெரிந்தாலும் புதியவர்களுக்குப் பெரிய வசதி: அடுத்த கோட் அடிக்கும்போது அது முந்தைய கோட்டை லேசாகக் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். நம் ஊரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஸ்பிரே டப்பாக்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் லேக்கர்தான். டிங்கரிங் பட்டறைகளில் டூக்கோ என்று சொல்வது இதற்கு மூத்த உறவான நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை. 1920-களில் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயின்டின் வணிகப் பெயர் அது. அதுவரை ஒரு காருக்குப் பெயின்ட் அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. லேக்கர் வந்தபின் அந்தக் காத்திருப்பு போயிற்று.

எனாமல் வேறு குணம் கொண்டது. எண்ணெய் சார்ந்த ஆல்கைட் எனாமலில் கரைப்பான் பறந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனுடன் பிசின் வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாமலிருக்கச் சில மணி நேரம் ஆகும், முழுதாக இறுகப் பல நாட்கள் ஆகும். அவ்வளவு காத்திருந்தால் கிடைப்பது கெட்டியான, பளபளப்பான, மழையைத் தாங்கும் பூச்சு. கேட், ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது, டூ-கே எனப்படும் இரு கூறு யூரித்தேன். பெயின்டும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் ஒரே டப்பாவுக்குள் தனித்தனியாக இருக்கும். அடியிலுள்ள குமிழை அழுத்தினால் இரண்டும் கலக்கும். கலந்தபின் ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், பிறகு உள்ளேயே இறுகிவிடும். பெட்ரோலுக்கும் தின்னருக்கும் அசையாத பூச்சு வேண்டுமென்றால் இதுதான் வழி. பைக் டேங்குக்கு நான் வேறு எதையும் சொல்லமாட்டேன். ஆனால் இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கேடு, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாக நீடிக்கக்கூடும். தகுந்த சுவாசக் கவசமும் திறந்த வெளியும் இல்லாதவர்கள் டேங்கைப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நீரில் கரையும் அக்ரிலிக் ஸ்பிரேயும் இப்போது கிடைக்கிறது. வாசனை குறைவு, பழைய பூச்சைத் தாக்காது. தெர்மோகோலில் சாதாரண ஸ்பிரே பட்டால் அது குழிந்து உருகிவிடும். அங்கே அடிக்கக்கூடியது இது ஒன்றுதான். நிறம் மங்கிய கொலு பொம்மைகளைப் புதுப்பிக்கவும் இதையே எடுக்கலாம். இரும்புக்கு நேரடியாக அடித்தால் துரு மேலெழுந்து பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும், அதனால் கீழே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வேண்டும்.

லேபிளில் எதைப் பார்ப்பது

முன்பக்க எழுத்துகளை நம்ப வேண்டாம். "அக்ரிலிக் எனாமல்" என்று போட்டிருக்கும் டப்பாவுக்குள் லேக்கர்போல நடந்துகொள்ளும் பெயின்ட் இருக்கலாம். பின்பக்கத்தின் பொடி எழுத்தில் காயும் நேரத்தையும் மறுகோட் நேரத்தையும் தேடுங்கள்.

பத்து நிமிடத்தில் காயும், எப்போது வேண்டுமானாலும் அடுத்த கோட் அடிக்கலாம் என்றிருந்தால் அது லேக்கர் குணம் கொண்டது. "1 மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்கவும், தவறினால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து அடிக்கவும்" என்ற வகையில் எழுதியிருந்தால் அது எனாமல். இந்த நிபந்தனையை மீறக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் அடித்தால் கீழ்க்கோட் இன்னும் ஈரமாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து காயும். இரண்டு நாள் கழித்து அடித்தால் கீழ்க்கோட் புதுக் கரைப்பானைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். நடுவில் அடித்தால் பாதி இறுகிய படலத்துக்குள் புதுக் கரைப்பான் புகுந்து அதை உப்பவைக்கும். உப்பிய படலம் விரிய இடமில்லாமல் மடிந்து சுருங்கும். ஒருமுறை சுருங்கினால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

லேபிளில் ஆல்கைட், நைட்ரோசெல்லுலோஸ், ஐசோசயனேட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எதைக்கொண்டு துடைக்கச் சொல்கிறார்கள் என்பதும் ஒரு தடயம்: தண்ணீர் என்றால் நீர் சார்ந்தது, டர்பன்டைன் என்றால் பெரும்பாலும் எனாமல், தின்னர் அல்லது அசிட்டோன் என்றால் லேக்கர்.

பழைய பூச்சைச் சோதிப்பது எப்படி

இரண்டு சிறிய பஞ்சுருண்டைகள், கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கான தின்னர்) போதும். பீரோவின் பின்பக்கம், நாற்காலியின் அடிப்பக்கம்போல வெளியே தெரியாத இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தேயுங்கள். பூச்சு பிசுபிசுத்தால் மரத்தில் அது அரக்கு பாலிஷாக இருக்கும், அல்லது நீர் சார்ந்த அக்ரிலிக்காக இருக்கும். ஒன்றும் ஆகவில்லையென்றால் தின்னர் பஞ்சை வையுங்கள்.

இப்போது பஞ்சை எடுத்து அதன் அடியைப் பாருங்கள். பெயின்டின் நிறம் பஞ்சில் தாராளமாக இறங்கி, வைத்த இடம் வழவழவென்று கரைந்திருந்தால் பழையது லேக்கர். நிறம் அதிகம் இறங்காமல் பூச்சு மட்டும் உப்பி, விரலால் தள்ளினால் தோலாக நகர்ந்தால் அது எனாமல். இரண்டுமில்லாமல் பளபளப்பு கொஞ்சம் குறைந்ததைத் தவிர வேறு மாற்றமே இல்லையென்றால் பவுடர் கோட்டிங், சூளையில் சுட்ட எனாமல், அல்லது டூ-கே பூச்சு. தொழிற்சாலையில் செய்த பீரோக்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்தச் சோதனை எதற்கு என்றால், ஒரு விதி இருக்கிறது: லேக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் லேக்கர் அடிக்கக் கூடாது. லேக்கரிலுள்ள வலுவான கரைப்பான் எனாமலை உப்பவைத்துவிடும். வீட்டில் பிரஷ்ஷால் அடித்த பழைய ஜன்னல் கம்பியும் கேட்டும் அநேகமாக எனாமல்தான். அவற்றின்மேல் விலை குறைந்த லேக்கர் டப்பாவை அடிப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. தின்னருக்கு அசையாத பூச்சு என்றால் கவலையில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டால் எந்த வகையையும் அடிக்கலாம்.

தேய்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வழிந்த சேற்றைத் துணியால் வழித்து, அந்தத் துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பிரைமர்: பொருளைப் பார்த்து

இரும்புக்கு ரெட் ஆக்சைடு அல்லது சாம்பல் நிற பிரைமர் என்பது எல்லோருக்கும் தெரியும். உதிரும் துருவை முதலில் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிக்கல் வருவது மற்ற பொருள்களில்தான்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, ஜி.ஐ. குழாய்மேல் ஆல்கைட் எனாமலை நேரடியாக அடித்தால் சில மாதங்களில் தகடு தகடாக உரிந்து விழும். துத்தநாகப் பூச்சு எனாமலின் எண்ணெய்ப் பகுதியோடு வினைபுரிந்து, ஒட்டியிருக்கும் இடத்தில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்குவதே காரணம். அங்கே எட்ச் பிரைமர் (உலோகப் பரப்பை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர்) அல்லது கால்வனைஸ்டு பரப்புக்கென்றே குறிப்பிட்ட பிரைமர் வேண்டும். அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர்தான்.

பிளாஸ்டிக்கில் அடியில் இருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். உள்ளே 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். நாம் உட்காரும் வார்ப்பு நாற்காலிகள் பெரும்பாலும் இதுதான். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். இவற்றில் பெயின்ட் இயல்பாக ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கான பிரத்யேக பிரைமரை அடித்து, அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். அப்படியும் தினமும் உட்கார்ந்து எழும் நாற்காலியில் அது நெடுநாள் நிற்கும் என்று நான் நம்பவில்லை. பூந்தொட்டிபோலக் கைபடாமல் இருப்பதற்குச் சரி. பைக்கின் பக்கவாட்டு மூடிகளில் பலவும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதில் நன்றாக ஒட்டும், ஆனால் முதல் கோட் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். கனமாக அடித்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

தேக்கு மரத்தில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. தேய்த்து முடித்ததும் தின்னர் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, தாமதிக்காமல் பிரைமர் அடியுங்கள்.

சிறப்பு வகைகள்

சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட் சிலிகோன் பிசினால் ஆனது, 600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அது சூடேறினால்தான் முழுதாக இறுகும். எனவே அடித்துக் காயவைத்தபின் இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். கீழே சாதாரண பிரைமரோ மேலே சாதாரண கிளியர் கோட்டோ (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் அவை கருகி, பெயின்டையும் பெயர்த்துவிடும்.

ஹாமர் ஃபினிஷ் என்பது தட்டிய தகடுபோல மேடுபள்ளமாகத் தெரியும் பூச்சு. துரு அரித்துக் குழிவிழுந்த தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்கள், பழைய டேபிள் ஃபேனின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. பட்டி வைத்து மணிக்கணக்கில் சமன்படுத்தும் வேலை மிச்சம்.

குரோம் டப்பாவின் மூடியைப் பார்த்துக் கண்ணாடி போன்ற பளபளப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கிடைப்பது பளிச்சென்ற வெள்ளி நிறம். அதன்மேல் கிளியர் அடித்தால் சாம்பலாக மங்கும், அடிக்காவிட்டால் கை பட்ட இடம் கறுக்கும். சைக்கிள் ஹேண்டில்பாருக்கு குரோம் முலாம் பூசும் கடையே சரி. சாதாரண மெட்டாலிக் நிறங்கள் அப்படியல்ல, கிளியர் கோட் அவற்றுக்கு அவசியம். 1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் முதன்முதலாக டப்பாவில் அடைத்து அடித்துக் காட்டியதே அலுமினியப் பெயின்ட்தான். மெட்டாலிக் பெயின்டிலுள்ள உலோகத் துகள்கள் அடியில் சீக்கிரம் படிந்துவிடும். அதனால் வேலையின் நடுவிலும் அடிக்கடி குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெளிறி ஒரு பக்கம் அடர்த்தியாகத் தெரியும்.

ஃபுளோரசன்ட் நிறங்களுக்குக் கீழே வெள்ளை வேண்டும். வெயிலில் அவை சீக்கிரம் வெளுக்கும்.

ஒரு இரும்பு நாற்காலியை முழுதாகச் செய்து பார்ப்போம்

400 மி.லி. டப்பா ஒன்று, இரண்டு கோட் கணக்கில், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு வரும். ஆறரை அடி பீரோவுக்கு வெளிப்பக்கம் மட்டுமே சுமார் நான்கு சதுர மீட்டர். பிரைமரையும் சேர்த்தால் ஆறேழு டப்பா ஆகிவிடும். அந்தப் பணத்துக்குக் கம்ப்ரசர் வைத்திருக்கும் பெயின்டரையே அழைக்கலாம். டப்பா ஸ்பிரேக்கு ஏற்றவை நாற்காலி, டேபிள் ஃபேன், சைக்கிள், தையல் இயந்திரம், பிரஷ் நுழையாத பிரம்புப் பின்னல் போன்றவை. புதியவர்கள் மடக்கும் இரும்பு நாற்காலியில் தொடங்கலாம்.

சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். துரு இருக்கும் இடத்தில் 120 எண் உப்புத்தாள், மற்ற இடங்களில் 220, கடைசியாக 320 அல்லது 400. முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. பிடிப்பாக இருக்கும் பூச்சின் பளபளப்பு போனால் போதும். மூட்டு, திருகு, ரப்பர் குமிழ்களை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள்.

டப்பாவைக் குலுக்கும்போது உள்ளேயிருக்கும் குண்டு முதலில் சத்தமே போடாது. அடியில் படிந்த பெயின்டில் அது சிக்கியிருக்கும். அது விடுபட்டுக் கடகடவென்று ஒலிக்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும், ஒலிக்கும்வரை குலுக்கியது கணக்கில் சேராது. முதலில் ஒரு பழைய அட்டையில் அடித்துப் பாருங்கள். துளித்துளியாகத் தெறித்தால் இன்னும் குலுக்கம் போதவில்லை, அல்லது டப்பாவின் மூக்கு (பெயின்ட் வெளிவரும் துளை) அடைத்திருக்கிறது.

இருபது முதல் முப்பது செ.மீ. தள்ளிப் பிடித்து, நாற்காலியின் விளிம்புக்கு வெளியிலேயே அழுத்தத் தொடங்கி, கையை நேராக நகர்த்தி, மறுவிளிம்பைத் தாண்டியபின் விரலை எடுங்கள். மணிக்கட்டை வளைத்து விசிறினால் நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெலிதாகவும் விழும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியைத் தழுவ வேண்டும். குழாய்ச் சட்டத்துக்கு டப்பாவைச் சட்டத்தின் நீளவாக்கிலேயே ஓட்டுங்கள். குறுக்கே அடித்தால் பாதிப் பெயின்ட் காற்றோடு போகும். முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். அதை ஒரே மூச்சில் மறைக்க நினைக்கும்போதுதான் வழிசல் விழுகிறது. மெல்லிய கோட் மூன்று அடித்தால் எல்லாம் மறைந்துவிடும்.

வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, 600 எண் வாட்டர் பேப்பரால் அந்த இடத்தை மட்டும் சமன்செய்து, மேலே ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். எனாமல் என்றால் முன்பு சொன்ன நேரக் கணக்கு இங்கும் பொருந்தும்.

மழை, நெருப்பு, மூச்சு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லேக்கர் அடித்தால் பால் தெளித்ததுபோல் வெண்மை படரும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து சிக்கிக்கொள்கிறது. ஈரம் குறைந்த நாளில், காலை பத்து மணிக்குமேல் அடியுங்கள். உச்சிவெயிலும் ஆகாது: இரும்பு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும்.

பெரும்பாலான டப்பாக்களில் பெயின்டை வெளியே தள்ளுவது எரிவாயுதான். கரைப்பானும் எளிதில் தீப்பிடிக்கும். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்கும் போகும். அடுப்பையும் பூஜையறை விளக்கையும் அணைத்துவிட்டு, மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வேலை செய்யுங்கள். துணி முகமூடி பெயின்ட் துளியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிமப் பொருள்களின் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரை முகக் கவசத்தை ஒருமுறை வாங்கி வைத்தால் பல வேலைக்கு உதவும்.

முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள், டப்பாவின் மூக்கு அடைக்காது. 50 டிகிரிக்குமேல் சூடாகும் இடத்தில் டப்பா இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய கார் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும், அதனால் கடையிலிருந்து வரும் வழியில்கூட டப்பாவைக் காரில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். காலியான டப்பாவைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக் கூடாது, வெடிக்கும்.

நாற்காலி தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். லேக்கர் என்றால் ஒரு நாள் கழித்து உட்காரலாம். எனாமல் என்றால் ஒரு வாரமாவது விட்டுவையுங்கள், அதற்குள் மடக்கி அடுக்கினால் சட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.